பிழை பக்கத்தில்தான்

றஸ்மியின் ஒபீசில் ஒரு சட்டம் இருந்தது. உதவிப் பக்கம் ஒன்றை எழுதி முடித்தவுடன், அதைக் கண்ணாலும் கண்டிராத ஓர் ஆளைப் பிடித்து இருத்தி, அவர் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டு, எழுதியவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கக் கூடாது. கண்ணால் சாடை காட்டக் கூடாது. தொண்டையைச் செருமவும் கூடாது. அந்த ஆள் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் எழுதியது சரியில்லை என்று அர்த்தம். ஆளைக் குறை சொல்லப்படாது. பிழை பக்கத்தில்தான்.

சட்டத்தைக் கொண்டுவந்தவன் றஸ்மி. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் ஹிமாயா.

கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஒபீஸ். கடைகளுக்கான மென்பொருள் செய்து விற்கிறார்கள். 'சந்தை' என்று அதற்குப் பேர். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை சின்னதும் பெரியதுமாக நிறையக் கடைகளில் அது ஓடியது. ஓடாமல் நின்றபோதெல்லாம், ஒபீசில் கடைக்காரர்களின் முறைப்பாடுகளைக் கவனிக்கிற பாண்டிருப்புப் பவிதரனின் போன் அடித்தது. "தம்பி, இந்தப் பெட்டி சிவப்பாகிட்டு." "தம்பி, நேத்து இருந்த பொத்தானக் காணல்ல." பாவம் மனிதன், ஒரு வாய் சோற்றை வைத்து விழுங்குவதற்குள் மருதமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் மறுமொழி சொல்லியாக வேண்டும். மென்பொருளுக்குள் உதவி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆங்கிலத்தில் கிடந்ததை மெஷினில் போட்டுத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். அதைத் தமிழ் என்று சொன்னால் தமிழுக்குக் கோபம் வரும். கடைசியில், முழுக்கப் புதிதாக ஓர் உதவி அமைப்பைச் செய்வது என்று றஸ்மி முடிவெடுத்தான். திரையின் மூலையில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதை அழுத்தினால், அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கிற வேலைக்கு உரிய பக்கம் திறக்கும். அந்தப் பக்கங்களை எழுதும் பொறுப்பு ஹிமாயாவுக்கு வந்தது.

ஹிமாயா கல்முனைக்குடிக்காரி. புருஷன் ஜெமீல் கட்டாரில். வாப்பா ஆதம்பாவா, சந்தைக்குப் பக்கத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். ஆணி, சீமெந்து, பைப், பெயின்ட் எல்லாம் உண்டு. கடையில் இல்லாத சாமானைக் கேட்டால், அது எந்தக் கடையில் எந்தத் தட்டில் கிடக்கும் என்று சொல்லி அனுப்புவார். மகள் வேலை செய்கிற இடத்து மென்பொருள் என்பதற்காகவே அவரும் அதை வாங்கிக் கடைக் கொம்பியூட்டரில் பூட்டியிருந்தார். ஆனால் கொம்பியூட்டரைக் கண்டாலே முகம் சுண்டிப்போகும். தமிழ் நன்றாக வாசிப்பார், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான ஆள் ஊரில் கிடைப்பாரா? ஹிமாயா முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே வாப்பாவிடம்தான் போனாள்.

வாங்கிய சாமானை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்பது அந்தப் பக்கம். ஹார்ட்வெயார் கடையில் இது தினமும் நடக்கிற கூத்து. பைப்பு அளவு தெரியாமல் வந்து, பைப்பை மடக்கிப் பொருத்துகிற எல்போ வாங்கிப் போவார்கள், பிறகு பொருந்தவில்லை என்று கொண்டுவருவார்கள். அன்றைக்கும் ஒருவர் கொண்டுவந்திருந்தார். பக்கத்தின் தலைப்பு 'மீளளிப்புச் செய்தல்'. றஸ்மிக்கு இப்படியான சொற்களில் ஒரு மோகம் உண்டு. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"பொருளைத் தெரிவு செய்து திருப்பவும்."

மேசையில் கிடந்த எல்போவை எடுத்தார். திருப்பினார். அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார்.

"திருப்பிட்டன். மறுகா என்ன செய்யிற?"

கடையில் நெடுநாளாக வேலை செய்கிற நளீர் சிரிப்பை அடக்க முடியாமல் பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஹிமாயா சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாப்பா அடுத்த வரிக்குப் போனார்.

"'சொடுக்கவும்' எண்டு கிடக்கு. என்னத்தச் சொடுக்கிற? விரலயா?"

அன்றைக்கே ஹிமாயா தலைப்பை 'சாமான் திருப்பித் தந்தால்' என்று மாற்றினாள். 'சொடுக்கவும்' போய் 'அமத்துங்க' வந்தது. றஸ்மி துள்ளினான். "படிச்ச ஆக்கள் பாக்கிற சாமான் இது. அமத்துங்க கிமத்துங்க எண்டு எழுதினா நம்மள என்னெண்டு நினைப்பாங்க?"

"கடைக்காரன் என்னெண்டு நினைப்பான் எண்டுதான் நான் பாக்கன்," என்றாள் ஹிமாயா. "சட்டம் நீங்க போட்டதுதானே. எங்கட வாப்பா தடுமாறினாரு. பிழை பக்கத்துல."

றஸ்மி பக்கத்தை அப்படியே விட்டான். பக்கம் கடைகளுக்குப் போன பிறகு, அந்த விஷயத்தைக் கேட்டு ஒருவரும் பவிதரனுக்குப் போன் எடுக்கவில்லை. காரைதீவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒருவர் மட்டும் எடுத்தார். இப்பதான் நம்மட பாஷையில எழுதியிரிக்கிங்க என்று சொல்லத்தான் எடுத்தாராம். பவிதரன் அன்றைக்கு ஆறுதலாகச் சோறு தின்றான். ஹிமாயாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அதன்பிறகு எழுதிய பக்கமெல்லாம் வாப்பாவின் கையால்தான் கடந்து போயிற்று. கடையைத் திறந்து, ஆட்கள் வருவதற்கு முன் இருக்கிற காலை நேரத்தில் இருவரும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார்கள். வாப்பா ஏசுவார், முனகுவார், "இத எழுதினவனுக்கு அடிக்கணும்" என்பார். மகள் குறித்துக்கொள்வாள், திருத்துவாள். சின்ன வயதில் வாப்பாவோடு அவள் இத்தனை நேரம் இருந்ததில்லை. அப்போது அவர் கடையே கதியென்று கிடந்தவர். இப்போது கிடைத்த அந்தக் காலை நேரங்கள் அவளுக்கு உயிருக்குச் சமமாக இருந்தன. அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், பிறகு அவள் பிடித்த பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மென்பொருளின் புதிய பதிப்பு வந்தபோது சில திரைகள் மாறின. சாமான் திருப்பித் தருகிற திரையும் மாறிற்று. ஹிமாயா அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினாள். எல்லாப் பக்கங்களிலும் கடைசியாக மிஞ்சியது அதுதான். இது முடிந்தால் முழு உதவியையும் கடைகளுக்கு அனுப்பிவிடலாம் என்று றஸ்மி சொல்லியிருந்தான். இது என்ன பெரிய மலையா, ஏற்கெனவே எழுதிய பக்கம்தானே என்று நினைத்துக்கொண்டு வாப்பாவின் முன் வைத்தாள்.

வாப்பா முதலாவதைச் செய்தார். இரண்டாவதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

"பழைய பில் எங்க கிடக்கு?"

அதைத் திறக்கிற பொத்தான் திரையில் மவுஸின் குறிக்குக் கீழேயே கிடந்தது. ஹிமாயா வாய் திறக்கவில்லை. வாப்பா திரை முழுக்கத் தேடிவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார். பொத்தானின் நிறம் மங்கல், அதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஹிமாயா முடிவெடுத்தாள். நிறத்தை மாற்றி, சிவப்பு அம்புக்குறி ஒன்றும் போட்டாள்.

அடுத்த முறை அவர் மூன்றாவது படிவரை வந்தார். வந்துவிட்டுத் திரும்பவும் முதலாவதிலிருந்து தொடங்கினார். அதே கவனம், அதே நிதானம், அப்போதுதான் முதன்முதலாகச் செய்கிற மாதிரி. வசனங்கள் நீளம் என்றாள் ஹிமாயா. வெட்டிச் சுருக்கினாள். இன்னொரு நாள், பாதியில் மவுஸை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"இப்ப நான் என்ன செய்யப் போனன்?"

என்ன வேலை நடக்கிறது என்பதைப் பக்கத்தின் மேலே எப்போதும் தெரிகிற மாதிரிப் போட வேண்டும். நல்ல யோசனை. இதுவரை தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டாள். பார்த்தீர்களா, ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு குறை கிடைத்துக்கொண்டே இருந்தது. தேடுகிறவளுக்குக் குறை கிடைக்காமலா போகும்?

நளீர் ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "மகள், சொல்றனெண்டு கோபிக்காதீங்க. முதலாளிக்குச் சாமான்ர பேர் வாயில வருகுதில்ல. நேத்து குறடு கேட்டு வந்த ஆளுக்குக் கிடங்கு தோண்டுற அலவாங்கத் தூக்கிக் குடுத்தாரு. அந்த ஆள் சிரிச்சிட்டுப் போயிட்டாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல்ல."

"நோன்பு காலம் நானா. பசிக் களைப்பு," என்றாள் ஹிமாயா.

நோன்பு முடிந்தது. பெருநாளும் முடிந்தது. களைப்பு மட்டும் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வாப்பா வீட்டுக்கு வரவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு உம்மா ஹாஜறா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, நிந்தவூரிலிருந்து போன் வந்தது. வாப்பாவின் தங்கச்சி ஜெனூபா.

"மச்சி, காக்கா இஞ்ச வந்திரிக்காரு. வந்தாரு, சோறு தாங்க எண்டாரு, திண்டாரு, படுத்திட்டாரு. அஸருக்குப் பாங்கு சொல்லிட்டு, எழும்பி ஊட்ட போங்க எண்டா, இதுதானே என்ட ஊடு எண்டுறாரு. மச்சி, உம்மா எங்க எண்டும் கேக்காரு."

அந்த உம்மா மௌத்தாகி எவ்வளவோ காலம். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண் கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான். அவன் பிறந்த வீடு தங்கச்சிக்கோ ராத்தாவுக்கோ போய்விடும். ஆதம்பாவாவும் நிந்தவூரிலிருந்து கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். வந்து, கடை போட்டு, பிள்ளை பெற்று, தலை நரைத்து, ஹாஜறாவின் வீட்டைப் பிறகு ஹிமாயாவுக்கு எழுதிக் கொடுத்து, பின்பக்கத்து அறையில் பெண்சாதியோடு இருக்கிறவர். நிந்தவூர் வீட்டைத் தன் வீடு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஓட்டோ பிடித்துப் போய்க் கூட்டி வந்தார்கள். வழி முழுக்க வாப்பா கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் உம்மா குசினிக்குள் மகளைக் கூப்பிட்டு அழுதாள்.

"புள்ள, டொக்டர்ட்ட காட்டுவம். மட்டக்களப்புல மறதி வருத்தத்துக்குப் பாக்கிற ஒராள் இரிக்காராம்."

"பொறந்த ஊடுதானே உம்மா. வெயிலுக்குள்ள நடந்து போய், களைப்பில ஒரு வார்த்தை சொல்லியிரிப்பாரு. அதுக்கு வருத்தக்காரன் ஆக்கிறதா?"

"நீ எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிரிக்காய்."

"கடையில என்னோட இரிக்காருதானே உம்மா. ஏசுறாரு, கதைக்காரு. அந்தப் பக்கம் சரியில்ல, அதான் தடுமாறுறாரு. நான் சரியாக்கித் தாறன், பாருங்க."

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். பெற்றவளுக்கு விளங்காதா? பயந்துபோய்க் கதைக்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

ஒபீசிலும் கதை கந்தலாயிற்று. ஒரு பக்கத்துக்காக முழு உதவியும் கிடப்பில் கிடக்கிறது என்று றஸ்மி கத்தத் தொடங்கினான். ஹிமாயாவுக்குத் தெரியாமல் பவிதரன் ஒரு வேலை செய்தான். புதிய பதிப்புக்கு அவள் முதலில் எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனான், சாய்ந்தமருதுக்குப் போனான், காரைதீவுக்கும் போனான். ஒரு புடவைக் கடை, ஒரு மருந்துக் கடை, ஒரு பலசரக்குக் கடை. மூன்று இடத்திலும் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்தான்.

"ஹிமாயாக்கா, ஒருத்தரும் தடுமாறல்ல. அந்தப் பக்கம் சரி. நீங்க முதல்ல எழுதினதே சரி."

"எங்கட வாப்பா தடுமாறுறாரே."

பவிதரன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சட்டம் தெரியுந்தானே பவி? ஒராள் தடுமாறினாலும் பிழை பக்கத்துல. ஆளக் குறை சொல்லப்படா."

"குறை எண்டு சொல்லல்லக்கா," என்றான் அவன். போய்த் தன் கதிரையில் இருந்தான். அன்றைக்கு ஹிமாயா அவனோடு கதைக்கவில்லை. மூன்று ஊருக்குப் போய்த் தன் எழுத்து நல்லது என்று நிரூபித்துவிட்டு வந்தவன் மேல் யாராவது கோபப்படுவார்களா? அவள் கோபப்பட்டாள். பக்கம் சரியென்றால் வேறு எதுவோ பிழை. அந்த வேறு எதுவோவை நினைக்க அவளுக்கு நெஞ்சு பதறிற்று.

அந்தப் பதற்றத்தில்தான் அந்த யோசனை வந்தது.

பக்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தாள். படிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி வைப்பதால்தானே, எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது? திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிதான் தெரிய வேண்டும். அதைச் செய்தால் அது தானாகப் போய்விடும், அடுத்த வரி தானாக வரும். அழுத்த வேண்டிய பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் மங்கிப்போகும். என்ன வேலை செய்கிறோம் என்பது மேலே பெரிய எழுத்தில் நிற்கும். முன்னுக்கு என்ன செய்தோம், பின்னுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஒன்றையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

கதையைக் கேட்டு றஸ்மி முதலில் தலையில் கை வைத்தான். பிறகு முணுமுணுத்துக்கொண்டே செய்தான். செய்து முடித்தவன் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

"ஹிமாயா, இது வேற சாமான். எல்லாப் பக்கத்தையும் இப்படியே மாத்துவம்."

மாற்றினார்கள். அந்த உதவி அமைப்பு இன்றைக்கு இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம். கடைக்காரர்கள் மெச்சுகிறார்கள். இப்படி ஒரு மூளை உங்களுக்கு எப்படி வந்தது என்று றஸ்மி ஒருநாள் கேட்டான். ஹிமாயா சிரித்து மழுப்பிவிட்டாள். ஒரே ஓர் ஆளுக்கு ஞாபகம் தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்று செய்ததை, புத்தி என்று சொல்லிப் பெருமைப்பட அவளால் முடியவில்லை.

அந்தப் பக்கத்தைப் புதிதாகச் செய்து முடிப்பதற்குள் வாப்பா கடைக்குப் போவது நின்றுவிட்டிருந்தது. முழங்கால் நோகுது என்று அவரே சொன்னார், எல்லாரும் அதை நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள். நளீர் கடையைப் பார்த்துக்கொண்டான். உம்மா ஜெனூபா மாமி மூலம் மட்டக்களப்பு டொக்டரிடம் காட்ட நம்பர் எடுத்துவிட்டு மகளுக்குச் சொன்னாள். ஹிமாயா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒரு தரம் பாப்பம் உம்மா. புதிசா செஞ்சிரிக்கன். இதுலயும் தடுமாறினா, நீங்க சொல்றதக் கேக்கன். கூட்டிப் போவம். தடுமாறாட்டி..."

"தடுமாறாட்டி?"

"தடுமாறாட்டி வாப்பாக்கு ஒண்ணுமில்ல. நான்தான் ஒழுங்கா எழுதல்ல."

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, வீட்டு முன்மண்டபத்தில் லெப்டொப்பை வைத்தாள். வாப்பா வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வந்து, கதிரையின் நுனியில் இருந்தார். முன்பெல்லாம் சாய்ந்து, ஒரு காலை மடித்து வைத்துத்தான் இருப்பார். ஹிமாயா அதைக் கவனித்தாள். கவனித்ததை உடனே மறக்கப் பார்த்தாள். மவுஸை அவர் கைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

மேலே பெரிய எழுத்தில், 'சாமான் திருப்பித் தந்தால்'. கீழே ஒரே ஒரு வரி. 'பழைய பில்லைத் திறக்க, இதை அமத்துங்க.'

வாப்பா அமத்தினார்.

வரி போய் அடுத்த வரி வந்தது. சாமானின் பேரைக் காட்டச் சொல்லிற்று. வாப்பா காட்டினார். அடுத்தது வந்தது. எத்தனை என்று கேட்டது. வாப்பா ஒற்றை விரலால் தட்டினார். அவர் நிற்கவில்லை, திரும்பிப் போகவில்லை, என்ன செய்யப் போனேன் என்று கேட்கவில்லை. ஹிமாயா வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்தது. வாப்பா அதை ஆறுதலாக வாசித்தார், அமத்தினார். திரை பச்சையாயிற்று. 'முடிஞ்சுது' என்று எழுத்து வந்தது.

அல்ஹம்துலில்லாஹ். ஹிமாயாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. ஓடிப்போய் உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாருங்க உம்மா, நான் சொல்லல்லயா, பக்கத்துலதான் பிழை, என்ட எழுத்துலதான் பிழை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. இத்தனை காலமும் தான் எழுதத் தெரியாதவளாக இருந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

வாப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். மகளின் பக்கம் திரும்பினார்.

"லேசாத்தான் இரிக்கி. வடிவா எழுதியிரிக்கிங்க."

வாப்பா பகிடி விடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருநாளும் அவளை அவர் 'நீங்க' என்று சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். கடைக்கு முதன்முதல் வருகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மரியாதையான சிரிப்பு.

"நீங்க ஆர்ர மகள்?"

ஹிமாயா அவருடைய முகத்தில் வாப்பாவைத் தேடினாள். எல்லாம் இருந்தது, மூக்கு, நெற்றித் தழும்பு, நரைத்த புருவம். அவளைத் தெரிந்த ஆள் மட்டும் அங்கே இல்லை. அத்தனை பேர் சொல்லியும் விளங்காதது அவளுக்கு இப்போது விளங்கிற்று. ஞாபகமே தேவைப்படாத ஒன்றை அவளே கையால் செய்து அவர் முன் வைத்திருந்தாள். அதில் தடுமாற அவருக்கு என்ன இருக்கிறது? பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. பவிதரன் மூன்று ஊருக்குப் போய்வந்து சொன்னது மாதிரி, புதிய பதிப்புக்கு எழுதிய முதலாவது நாளிலிருந்தே இருக்கவில்லை. அவள் திருத்தித் திருத்திக் கழித்த மாதங்களில் வாப்பா கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போய்விட்டிருந்தார். அவள் பக்கத்திலேயே இருந்தாள், வாயை மூடிக்கொண்டு.

"ஆதம்பாவாட மகள்," என்றாள்.

"என்ட பேரும் அதான்!" வாப்பாவுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குறை நினைக்காதீங்க. எனக்கு இந்த ஊர் ஆக்கள அவ்வளவு தெரியா. மாப்பிளயா வந்து கொஞ்ச நாள்தான்."

உள்ளிருந்து ஹாஜறா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். முடிவு என்ன என்று கேட்கிற கண்ணோடு மகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளைக் கண்டதும் வாப்பா சட்டென்று எழும்பினார். சாரனைச் சரிசெய்துகொண்டு, சுவரோரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மாமி வாறாங்க," என்றார் ஹிமாயாவிடம், மெதுவாக.

அந்தக் காலத்தில் இந்த ஊர்களில், பெண்சாதியின் உம்மாவான மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டாள். வந்தாலும் நின்று கதைக்கமாட்டாள். சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று, இடையில் இருக்கிற யாரிடமாவது சொல்லித்தான் அனுப்புவாள். ஹாஜறாவின் உம்மாவும் அப்படித்தான் இருந்தவள். இதே மண்டபத்தில், இதே மாப்பிள்ளையிடம்.

ஹாஜறா நடுமண்டபத்தில் நின்றுவிட்டாள். குனிந்து நிற்கிற புருஷனைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கேட்க வந்ததை அவள் கேட்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். வந்த வழியே திரும்பிப் போய்க் கதவுக்குப் பின்னால் மறைந்தாள்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. நிதானமான குரல்.

"புள்ள, தேத்தண்ணி ஆறுது. மாப்பிளயக் குடிக்கச் சொல்லு."

ஹிமாயா சொன்னாள்.